குட்டியானைல ஒத்தச் சக்கரம் மட்டும் ஏன் சுத்துது?

திருமங்கலம் பக்கம் இருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தாரு. குட்டியானைல, அதான் அந்தச் சின்ன சரக்கு வண்டில, தக்காளி ஏத்திக்கிட்டு கண்மாய்க் கரை வழியா வந்திருக்காரு, மழை பேஞ்ச மறுநாள், பின்னாடி இடது சக்கரம் கரிசல் சகதிக்குள்ள எறங்கிருச்சு. வலது சக்கரம் நல்ல கெட்டித் தரைல நிக்குது. ஆக்சிலேட்டர மிதிச்சா சகதில கெடக்குறது மட்டும் விர்ர்ருன்னு சுத்தி சேத்த வாரி எறைக்குதாம், கெட்டித் தரைல இருக்குறது அசையக்கூட இல்லையாம். "எது சுத்தணுமோ அது சும்மா நிக்குது, எது சுத்தி பிரயோஜனம் இல்லையோ அது சுத்துது, இவ்வளவு மூளையில்லாமயா வண்டியக் கண்டுபிடிச்சாங்க?"ன்னு கோவமா கேக்குறாரு. கூட வந்த பெரியவர் திருஷ்டின்னு சொல்லி சக்கரத்துக்கு அடில எலுமிச்சம்பழம் வேற வச்சுப் பாத்திருக்காரு. அதுவும் சகதிக்குள்ள போயிருச்சு.

அண்ணே, மூளையில்லாம செஞ்சதில்ல அது. கார் வரலாறுல எல்லாரும் இன்ஜினப் பத்தித்தான் பேசுறாங்க, என்னக் கேட்டா அதுல ரொம்ப அழகான மூளை பின்னாடி அச்சுக்கு நடுவுல பூசணிக்காய் மாதிரி உருண்டையா தொங்குதே, அந்த டிஃபரன்ஷியல்தான். உங்கள அன்னைக்கு மாட்டிவிட்டதும் அதேதான்.

முதல்ல மதுரை மீனாட்சி கோயிலச் சுத்தி இருக்குற மாசி வீதிக்கு வாங்க. நாலு மாசி வீதியையும் வண்டில வலம் வர்றோம்னு வைங்க, கோயில் நமக்கு வலது கைப் பக்கம். ஒவ்வொரு முக்குலயும் வலது பக்கம் திரும்புறோம், அப்ப இடது சக்கரம் வெளிவட்டத்துல போகுது, வலது சக்கரம் உள்வட்டத்துல. ரெண்டுக்கும் நடுவுல 1.3 மீட்டர் இடைவெளின்னு வச்சுக்குங்க. பள்ளிக்கூடத்துல படிச்ச 2πr தான், ஒரு முழுச் சுத்துக்கு வெளிச்சக்கரம் 2π × 1.3, அதாவது சுமார் 8.2 மீட்டர் கூடுதலா உருளணும். டயரோட சுத்தளவு 1.7 மீட்டர்னா, கிட்டத்தட்ட 5 சுத்து கூட.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அந்தக் கணக்குல வீதியோட நீளம் எங்கயுமே வரல பாருங்க. மாசி வீதிக்குப் பதிலா வெளி வீதியச் சுத்துங்க, இல்ல உள்ள ஆவணி மூல வீதியச் சுத்துங்க, சித்திரை வீதிக்குள்ள வண்டி விடமாட்டாங்க, விட்டாலும் அதே 8.2 மீட்டர்தான். ரிங் ரோட்டச் சுத்தி வந்தாலும் அவ்வளவுதான். முக்கு எவ்வளவு பெருசு சின்னதுங்கிறது கணக்கே இல்ல, எத்தன டிகிரி திரும்புனோம்ங்கிறது மட்டும்தான் கணக்கு. நான் இத முதல் தடவை போட்டுப் பாத்தப்ப தப்பாப் போட்டுட்டோம்னு நெனச்சு மூணு தடவை அழிச்சு அழிச்சுப் போட்டேன்.

சரி, மாட்டு வண்டிக்கு ஏன் இந்தப் பிரச்சனை வரல? அதுல சக்கரம் அச்சுல சும்மா மாட்டியிருக்கு, கழண்டு போகாம கடையாணி, அவ்வளவுதான். எது எவ்வளவு சுத்துனா என்ன, இழுக்குறது மாடு. நம்ம மீனாட்சி தேரும் அப்படித்தான், இழுக்குறது வடம். அதுக்குத் திரும்புறதுதான் பிரச்சனை, ஸ்டீயரிங் கிடையாதே, அதனாலதான் சித்திரைத் திருவிழா 11-ம் நாள் மாசி வீதி முக்குல முட்டுக்கட்டை போடுறவங்க சக்கரத்துக்குப் பக்கத்துலயே உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. ரயில் பெட்டில ரெண்டு சக்கரமும் அச்சோட இறுக்கிப் பூட்டியிருக்கும், ஆனா சக்கரமே லேசாக் கூம்பு வடிவம், வளைவுல வெளிச்சக்கரம் பெரிய சுத்தளவுல உருண்டு அதுவே சரி பண்ணிக்கும்.

வண்டிய இழுக்காம சக்கரத்தையே சுத்திவிட்டு ஓட்டணும்னு எப்ப நெனச்சானோ அப்ப ஆரம்பிச்சது தலைவலி. ரெண்டு சக்கரத்தையும் ஒரே கம்பில பூட்டிச் சுத்துனா முக்குல ஒண்ணு தேஞ்சுக்கிட்டே வரும், வண்டி திரும்பவே மல்லுக்கட்டும். ஒரு சக்கரத்த மட்டும் சுத்துனா வண்டி ஒரு பக்கமா இழுக்கும், சைக்கிள் ரிக்‌ஷா மிதிச்சவங்களக் கேளுங்க, தெரியும்.

பிரான்ஸ்ல ஒனேசிஃபோர் பெக்கர்னு ஒருத்தர் நீராவி வண்டிக்காக 1828-லயே, ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்தவிடுற இந்த டிஃபரன்ஷியலுக்குப் பேட்டன்ட் வாங்கிட்டாரு. அப்புறம் இங்கிலாந்துல ஜேம்ஸ் ஸ்டார்லின்னு ஒரு சைக்கிள்காரர். அவரும் மகனும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஆளுக்கு ஒரு பக்கச் சக்கரத்த மிதிக்கிற மாதிரி ஒரு வண்டில போனாங்களாம், மகன் இளந்தாரி, ஓங்கி மிதிக்க வண்டி ஒரு பக்கமாத் திரும்பிப் பள்ளத்துல போய் விழுந்துச்சுன்னு ஒரு கதை சொல்வாங்க. கதை எப்படியோ, 1877-ல அவரு டிஃபரன்ஷியலுக்குப் பேட்டன்ட் வாங்குனது நெசம். 1886 ஜனவரி 29-ல கார்ல் பென்ஸ் ஜெர்மனில 37435-ம் நம்பர் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்சாரே, முன்னாடி ஒத்தச் சக்கரம் பின்னாடி ரெண்டு, முக்கால் குதிரைத் திறன், அப்படியே நம்ம ஆட்டோவோட பாட்டன், அதுலயே டிஃபரன்ஷியல் வந்துருச்சு. ரெண்டு வருசம் கழிச்சு அவரு சம்சாரம் பெர்த்தா, ரெண்டு பசங்களக் கூட்டிக்கிட்டு, புருசன்கிட்டச் சொல்லாமயே அந்த வண்டியோட மூணாவது மாடல எடுத்துக்கிட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டிப் போய் அம்மா வீட்டுல நிறுத்துனாங்க. ஃபோர்டு 1913-ல அசெம்பிளி லைன் போட்டது, 1911-ல டி.வி.சுந்தரம் ஐயங்கார் நம்ம மதுரைல கம்பெனி ஆரம்பிச்சு பஸ் விட்டதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான், தாண்டிப் போயிருவோம்.

இப்ப அந்தப் பூசணிக்காயத் தொறப்போம்.

நுகத்தடிய நெனச்சுக்குங்க. நடுவுல ஏர்க்கால், ரெண்டு முனைலயும் ரெண்டு மாடு. நடுவுலதான் பூட்டியிருக்குங்கிறதால ரெண்டு மாடும் சமமா இழுத்தாத்தான் நுகம் நேரா நிக்கும். ஒரு மாடு கொஞ்சம் முந்துச்சுன்னா நுகம் சாயும், இன்னொண்ணு அந்த அளவு பிந்தும், நடுப்புள்ளி ரெண்டுக்கும் சராசரியாப் போய்க்கிட்டே இருக்கும். இத அப்படியே திருப்பிப் போடுங்க, நடுவுல தள்ளுறது இன்ஜின், ரெண்டு முனைலயும் சக்கரம். டிஃபரன்ஷியலே இதுதான். ஆனா நுகம் ஓரளவுக்குத்தான் சாயும், அப்புறம் மாடு மோதிக்கும், சக்கரமோ சுத்திக்கிட்டே இருக்கணும். அப்ப நுகத்த வளைச்சு ஒரு பல்சக்கரமா ஆக்கிட்டா? ஒரு நுகம் சாஞ்சு முடியுறதுக்குள்ள அடுத்த பல்லு வந்து அடுத்த நுகமா நிக்கும், அது சாஞ்சா அடுத்தது. தீராத நுகம்! இத மொத மொத யோசிச்ச ஆளக் கும்பிடணும்.

ஷெட்ல அந்தக் குட்டிப் பல்சக்கரத்தத்தான் ஸ்டார் பினியன்னு சொல்றாங்க. இன்ஜின்ல இருந்து வர்ற ஷாஃப்ட் கிரவுன் வீல்ங்கிற பெரிய பல்சக்கரத்தச் சுத்தும், கிரவுன் வீலோட ஒட்டுன கூண்டு சேந்து சுத்தும், அந்தக் கூண்டுக்குள்ளதான் ஸ்டார் பினியன் உக்காந்திருக்கும், அதோட ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு அச்சோட பல்சக்கரம். நேரா போறப்ப ஸ்டார் பினியன் தன்ன மறந்து சும்மா உக்காந்து கூண்டோட ஊர்வலம் போகும், ஒரு பல்லு கூட நகராது. முக்குல திரும்புறப்ப மட்டும் மெல்ல உருளும். கூண்டு 100 சுத்து சுத்துனா வெளிச்சக்கரம் 105, உள்சக்கரம் 95, கூட்டுனா எப்பவும் 200. கம்ப்யூட்டர் இல்ல, சென்சார் இல்ல, ரோடே அதுகிட்டச் சொல்லுது எவ்வளவு வேணும்னு.

சின்ன வயசுல தெப்பக்குளம் பக்கம் ஒரு ஷெட்ல பழைய ஜீப்ப ஜாக்கில தூக்கி ரெண்டு பின்சக்கரத்தையும் அந்தரத்துல தொங்கவிட்டிருந்தாங்க, இன்ஜின் ஆஃப், கியர்ல கெடக்கு. நான் சும்மா கை வச்சு ஒரு சக்கரத்த முன்னாடி சுத்துனேன், அங்கிட்டு இருந்த சக்கரம் பின்னாடி சுத்துது! பயந்து கைய எடுத்துட்டேன். கூண்டு நிக்குது, அதாவது சைபர், அப்ப ரெண்டையும் கூட்டுனா சைபர்தான வரணும், இது பிளஸ்னா அது மைனஸ். மிஸ்திரி கரிக் கையத் தொடச்சுக்கிட்டே சிரிச்சாரு. பள்ளிக்கூடத்துல யாரும் இதக் காட்டல, இன்னைக்கு வரைக்கும் ஒரு பழைய அச்ச அறுத்து வச்சு நம்ம அரசுப் பள்ளிப் புள்ளைங்க கையால சுத்திப் பாக்குற மாதிரி வைக்க என்ன பெரிய செலவாகப் போகுது, பழைய இரும்புக் கடைல கெடைக்கிற சாமான்தான. ஸ்மார்ட் போர்டுக்கு மட்டும் காசு வருது.

சரி, சகதிக்கு வருவோம். நுகம் நடுவுல பூட்டுனதால ரெண்டு பக்கமும் எப்பவும் சம பலம், அதுதான் சட்டம். ஒரு மாடு இழுக்காம விட்டுட்டா இன்னொண்ணு எம்புட்டு பெரிய காங்கேயம் காளையா இருந்தாலும் நுகம் சாயுமே தவிர வண்டி நகராது. உங்க இடது சக்கரத்துக்கு சகதில பிடிமானம் இல்ல, அதச் சுத்த 10 கிலோ பலம் போதும். அப்ப வலது சக்கரத்துக்கும் 10 கிலோதான் போகும், அதுக்கு மேல ஒரு குண்டுமணி கூடப் போகாது. இன்ஜின் கிட்ட சக்தி இல்லாம இல்ல, எதுத்து நிக்க ஆளில்ல. கூண்டு 100 சுத்துனா வலது சைபர், இடது 200, அதான் அந்த விர்ர்ரு.

இதுக்கு உங்க ஊர்லயே வைத்தியம் ஓடுது. டிராக்டர்ல பிரேக் பெடல் ரெண்டா இருக்கும், இடதுக்கு ஒண்ணு வலதுக்கு ஒண்ணு. வழுக்குற பக்கத்து பிரேக்க மட்டும் மிதிச்சா அந்தச் சக்கரம் எதுத்து நிக்கும், உடனே அதே அளவு பலம் மத்த பக்கமும் போயிரும். புதுக் கார்ல டிராக்‌ஷன் கண்ட்ரோல்னு சொல்றது இதே வேலையக் கம்ப்யூட்டர் காலால மிதிக்கிறதுதான். டிஃப் லாக்னு இன்னொரு லிவர் உண்டு, அது கூண்டையும் அச்சையும் சேத்துப் பூட்டிரும், சகதிக்கு மட்டும், தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துரணும். சக்கரத்துக்கு ஒரு மோட்டார்னு வச்சுட்டா டிஃபரன்ஷியலே வேணாம், இதையும் ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-லயே பாரிஸ் பொருட்காட்சில ஓட்டிக் காட்டிட்டாரு.

உங்க குட்டியானைல லாக் இல்லைன்னா, மாட்டுன உடனே ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டே இருக்காதீங்க, மெல்ல உருள மட்டும் செஞ்ச ஸ்டார் பினியன் அந்த வேகத்துல சூடாகித் தேஞ்சு போகும், அப்புறம் சகதிய விட்டு வந்தாலும் ஷெட்டுக்குத்தான் போகணும். ரெண்டு பழைய சாக்க வண்டில போட்டு வைங்க. அத வழுக்குற சக்கரத்துக்கு அடில சொருகணும், நல்லா நிக்கிற சக்கரத்துக்கு இல்ல. நீங்க கெட்டித் தரைல நின்ன சக்கரத்துக்கு அடில கல்லையும் ஓலையையும் அடுக்குனேன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் சொல்றேன்.