கட்டைவிரலைக் கடிக்கும் துப்பாக்கி

ரெமிங்டன் 870 துப்பாக்கியைப் புதிதாகக் கையாளுபவரின் கட்டைவிரல் நகத்தருகே சிராய்ப்பு இருந்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை. அடிப்பக்கத் திறப்பு வழியாகத் தோட்டாவை உள்ளே தள்ளிவிட்டு விரலை எடுப்பதற்குள், ஒரு தகடு படக்கென்று இறங்கி நகத்தைக் கவ்வியிருக்கும். 1950-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்து, ஒரு கோடிக்கும் மேல் தயாரான, முன்கைப்பிடியை முன்னும் பின்னும் நகர்த்தி இயக்கும் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் இது. எத்தனை விரல்களைக் கடித்திருக்கும் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

சுடும் குழலுக்கு நேர் கீழே இன்னொரு குழாய் இருக்கிறது. அதுதான் மேகசின். தோட்டாக்கள் அதற்குள் ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்னால் இருக்கும் நீண்ட ஸ்பிரிங் அவற்றைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயில் இரண்டு தாழ்கள். முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும், ஒரு தாழ் விலகி ஒரே ஒரு புதுத் தோட்டாவை விடும், மற்றது அடுத்ததை மறித்துக்கொள்ளும். வெளியே வந்த தோட்டா கேரியர் என்ற தகட்டின் மேல் விழும். கைப்பிடியை முன்னால் தள்ளும்போது கேரியர் அதைக் குழலின் வாய்க்குத் தூக்கிக் கொடுக்கும்.

விரலைக் கடிப்பது இந்தக் கேரியர்தான். சுடாத நேரத்தில் அது எங்கே ஓய்வெடுக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரெமிங்டனில் அது கீழே, திறப்பை மூடியபடி கிடக்கும். ஒவ்வொரு தோட்டா போடும்போதும் அதைத் தோட்டாவாலேயே மேலே தூக்க வேண்டும். அதன் ஸ்பிரிங்கோ திரும்பக் கீழே அழுத்தும். போட்டி நிறுவனத்தின் மாஸ்பெர்க் 500-இல் கேரியர் மேலேயே நிற்கும், திறப்பு காலியாக இருக்கும், விரலுக்குத் தடையில்லை. மாஸ்பெர்க்காரர்கள் இதைச் சொல்லிக் காட்டாமல் விடுவதில்லை. ஆனால் மூடிய திறப்புக்கும் ஒரு லாபம் உண்டு: சேறும் சருகும் எளிதில் உள்ளே நுழையாது.

கேரியர் ஓய்வெடுக்கும் இடத்தை மாற்ற முடியாது. உரசலைக் குறைக்கலாம். 1960-இல் ரெமிங்டன் பிளாஸ்டிக் தோட்டாக்களைக் கொண்டுவந்தது. அதற்கு முன் இருந்த காகிதத் தோட்டாக்கள் ஈரத்தில் ஊதிப்போகும். பிளாஸ்டிக் ஊதாது, ஆனால் மென்மையானது. எந்திரத்தில் கடைந்த திறப்பின் விளிம்பில் பிசிறு நின்றால், அழுத்தும்போது அது உழுமுனை போலப் பிளாஸ்டிக்கில் இறங்கும். பாதி பலம் அங்கேயே போய்விடும். போட்டிகளில் வேகமாகத் தோட்டா போடுகிறவர்கள் முதலில் கை வைப்பது இந்த விளிம்பில்தான். துப்பாக்கி முழுக்கக் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, பிரித்த பிறகு, மென்மையான அரத்தால் கூர்முனையைச் சாய்த்து உப்புத்தாளால் மழமழப்பாக்குவார்கள். ரெமிங்டன் 870-இன் உடற்பகுதி எஃகு. கறுப்புப் பூச்சு போன இடத்தில் மறுபடி பூசி எண்ணெய் தடவாவிட்டால் துரு பிடிக்கும். மாஸ்பெர்க் 500 அலுமினியம் என்பதால் அந்தக் கவலை இல்லை.

அரம் கையில் இருக்கும் உற்சாகத்தில் தாழ்களையும் தேய்க்க ஆசை வரும். வேண்டாம். தாழின் உதடு மழுங்கினால் தோட்டாவைப் பிடிக்காது. இரண்டு சேர்ந்து கேரியர் மேல் கொட்டி எல்லாம் இறுகிவிடும். அது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை.

இனி ஸ்பிரிங். 70 மி.மீ. என்று அச்சிட்ட தோட்டாவை அளந்தால் ஏறக்குறைய 60 மி.மீ. தான் இருக்கும், அச்சிட்டிருப்பது சுட்டபின் மடிந்த வாய் விரிந்த நீளம். அப்படி நான்கு போட்டால் ஸ்பிரிங் சுமார் 24 செ.மீ. சுருங்கியாக வேண்டும். சுருங்கச் சுருங்க எதிர்ப்பு கூடும் என்பது ஹூக் விதி. அதனால்தான் முதல் தோட்டா வழுக்கிக்கொண்டு போகும், நான்காவது முரண்டு பிடிக்கும். குழாயின் உள்ளே எண்ணெயைக் கொட்டினால் அழுக்கு ஒட்டிப் பிசுபிசுக்கும். நன்றாகத் துடைத்து, கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய்ப்படலம் விட்டாலே போதும்.

கடைசித் தோட்டாவை அரைகுறையாகத் தள்ளுவதுதான் பெரிய வம்பு. தாழைத் தாண்டவில்லை என்றால் ஸ்பிரிங் அதைத் திருப்பியடிக்கும். அது கேரியருக்கும், குழலின் பின்வாயை மூடி நிற்கும் போல்ட் என்ற எஃகுத் துண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும், கைப்பிடி அசையாது. பழைய 870-களில் இப்படி மாட்டினால் வெளியே எடுப்பது பெரும் பாடு. 1980-களில் ரெமிங்டன் கேரியரின் நடுவே யூ வடிவில் ஒரு வெட்டு போட்டது. அந்த நாக்கு வளைந்துகொடுப்பதால் கைப்பிடியைப் பின்னால் இழுத்துத் தோட்டாவை விடுவித்துவிடலாம். பயிற்சிக்கு மருந்தில்லாத போலித் தோட்டாக்கள் கிடைக்கின்றன. ‘க்ளிக்’ என்ற சத்தம் காதில் விழும்வரை விரலை எடுக்காமல் இருக்க அவற்றில்தான் பழகிக்கொள்வார்கள்.