கர்ப்பிணியின் பதிவேட்டில் எழுதாமல் விட்ட வரி

"திருமணமாகி மூன்று ஆண்டுகளே ஆவதால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடக்கிறது." கர்ப்பிணிப் பெண்ணின் சந்தேகச் சாவு பற்றிய செய்தி நாளிதழில் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். அரசு மருத்துவமனையின் சட்ட மருத்துவத் துறையில் உடற்கூறாய்வு செய்யும் எங்களுக்கு வேலை தொடங்குவதே அந்த வரிக்குப் பிறகுதான்.

கர்ப்பிணி மீதான வன்முறை என்றதும் பலருக்கும் 2025 பிப்ரவரியில் நடந்த ரயில் சம்பவம் நினைவுக்கு வரும். கோவை - திருப்பதி இன்டர்சிட்டியில் பெண்கள் பெட்டியில் இருந்த நான்கு மாதக் கர்ப்பிணியிடம் ஒருவன் அத்துமீறப் பார்த்தான். அவர் எதிர்த்துப் போராடியதும் ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டான். அவர் உயிர் பிழைத்தார், கரு தங்கவில்லை. ஏற்கெனவே வழக்குகள் இருந்த அந்த ஆள் சீக்கிரமே பிடிபட்டான். அதே ஆண்டு ஜூலையில் அவனுக்குச் சாகும்வரை சிறை என்று தீர்ப்பும் வந்துவிட்டது. நடந்ததைச் சொல்லப் பாதிக்கப்பட்டவரே உயிரோடு இருந்தார்.

பிணவறைக்கு வரும் கர்ப்பிணிகள் பலர் வீட்டுக்குள்ளிருந்து வருகிறார்கள். உடன் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஸ்டவ் வெடித்தது, பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள், தீராத வயிற்றுவலியால் தூக்குப் போட்டுக்கொண்டாள். கர்ப்பிணி என்றால் அந்த வயிற்றுவலியை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்தக் கதையை உடலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் பொறுப்பு. தீக்காயம் என்றால் முதலில் மூச்சுக்குழலைத் திறந்து பார்ப்போம். உயிரோடு எரிந்தவர் புகையை உள்ளிழுத்திருப்பார். உள்ளே கரி படிந்திருக்கும், ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடும் ஏறியிருக்கும். மூடிய அறைக்குள் நடந்த தீயில் இரண்டுமே இல்லையென்றால், எரிவதற்கு முன்பே உயிர் போயிருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும். தூக்கு என்றால் கயிற்றுத் தடம் கழுத்தின் மேல்பகுதியில் சாய்வாக ஏறி, முடிச்சு இருந்த இடத்தில் பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும். கயிற்றால் நெரித்திருந்தால் தடம் பெரும்பாலும் தாழ்வாக, கிடைமட்டமாகக் கழுத்தை முழுதாகச் சுற்றியிருக்கும். உள்தசைகளில் ரத்தக்கட்டும் கூடுதலாகத் தெரியும்.

ஏமாற்றுவது வயிறுதான். அடிவயிற்றில் உதை வாங்கியவரின் தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். கர்ப்பப்பையைத் திறந்தால் நச்சுக்கொடி சுவரிலிருந்து பிய்ந்து, அதன் பின்னால் ரத்தம் உறைந்து நிற்கும். உயர் ரத்த அழுத்தத்தாலும் இப்படி ஆகும் என்பதால், அதைப் பார்த்ததும் 'அடி' என்று எழுதிவிட முடியாது. வயிற்றுத் தசைகளை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தொடை, முதுகு, மேல்கை என்று புடவை மறைக்கும் இடங்களில் வெவ்வேறு நாள்களில் ஏற்பட்ட கன்றல்கள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். மஞ்சளாக மாறிய கன்றல் இன்று காலை வழுக்கி விழுந்ததில் வந்திருக்காது. நிறத்தைப் பார்த்து அதற்கு மேல் நாள் கணக்குச் சொல்வது ஆபத்து.

கருவையும் தனியாக ஆய்வு செய்ய வேண்டும். தலை முதல் குதிகால் வரை அளந்தால் எத்தனை மாதம் என்று தெரிந்துவிடும். ஐந்தாம் மாதத்துக்கு மேல் அந்த சென்டிமீட்டர் அளவை ஐந்தால் வகுத்தால் போதும், 30 செ.மீ. என்றால் ஆறு மாதம். அசைவு வந்துவிட்ட கருவின் சாவுக்கு தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 92-ஆம் பிரிவில் தனிக் குற்றமே இருப்பதால் அந்த மாதக் கணக்கு முக்கியம். தகப்பன் யார் என்பதே கொலைக்குக் காரணமாகும் வழக்குகளில் கருவின் தொடை எலும்பை டி.என்.ஏ. சோதனைக்கு எடுத்துவைப்போம். அதை, உடல் பாகங்களைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. சிதைந்துவிடும்.

இவ்வளவு செய்தும், யார் அடித்தார்கள் என்று உடல் சொல்லாது. அதற்குச் சட்டம் சில வழிகளை வைத்திருக்கிறது. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் நேர்ந்த இயற்கைக்கு மாறான சாவு, சாவதற்குச் சற்று முன்வரை வரதட்சணைக் கொடுமை என்று இரண்டையும் காட்டிவிட்டால் வரதட்சணைச் சாவு என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். நான்கு சுவருக்குள் நடந்த கொலைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் ஏற்கத்தக்க விளக்கம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், தீக்குளித்து இறந்தபோது அந்தப் பெண் ஐந்து மாதக் கர்ப்பிணி. வீடு கட்டக் கேட்ட பணம் வரதட்சணை ஆகாது என்று, கணவரையும் மாமனாரையும் வரதட்சணைச் சாவுக் குற்றத்திலிருந்து உயர் நீதிமன்றம் விடுவித்திருந்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், அதுவும் வரதட்சணைதான் என்று அவர்களை மீண்டும் குற்றவாளிகளாக்கி, ஏழு ஆண்டு சிறை விதித்தது.

ஆனால் 'சற்று முன்வரை கொடுமை' என்பதை எதை வைத்து நிரூபிப்பது? அவள் உயிரோடு இருந்தபோது சொன்னதை வைத்துத்தான். இங்கிலாந்துச் சட்டப்படி, சாகப்போகிறோம் என்று தெரிந்து சொன்னதுதான் மரண வாக்குமூலமாக ஏற்கப்பட்டது. நம் சட்டத்தில் அந்த நிபந்தனை இல்லை. சாவுக்கு இட்டுச்சென்ற சூழ்நிலை பற்றி முன்பே அம்மாவிடம் போனில் அழுதது, தோழிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு எல்லாமே சாட்சியமாக முடியும்.

அவள் மாதாமாதம் போன இடம் ஆரம்ப சுகாதார நிலையம். நம் ஊரில் கர்ப்பிணிக்கு பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) இருக்கிறது, அட்டை இருக்கிறது, கிராம சுகாதார செவிலியரின் பதிவேடு இருக்கிறது. எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் கட்டத்துக்குள் ஒழுங்காக இருக்கும். கன்னத்தில் இருந்த வீக்கம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இருக்காது. 'கீழே விழுந்ததாக' என்று மருத்துவமனையின் ஏ.ஆர். புத்தகத்தில் (விபத்துப் பதிவேட்டில்) இருக்கும். அதைச் சொன்னது அவளா, கூட வந்த மாமியாரா என்று இருக்காது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஒரே ஒரு வரி இருந்திருந்தால் விசாரணை அதிகாரிக்கு எவ்வளவோ கிடைத்திருக்கும். அவள் சாகாமலே இருந்திருக்கலாம்.

செவிலியர்களிடமும் இளம் டாக்டர்களிடமும் நான் கேட்பது இதுதான். எடை பார்க்கும் சாக்கில் இரண்டு நிமிடம் அவளைத் தனியாக உட்காரவையுங்கள். "வீட்டில் யாராவது கை நீட்டுகிறார்களாம்மா?" என்று நேராகக் கேளுங்கள். சொன்னால், சொன்ன வார்த்தையிலேயே தேதியோடு எழுதுங்கள். ஆனால் அந்தக் குறிப்பை அவள் வீட்டுக்கு எடுத்துப்போகும் அட்டையில் எழுதாதீர்கள், மருத்துவமனைப் பதிவேட்டில் எழுதுங்கள். காயம் இருந்தால் இடம், அளவு, நிறம் எல்லாம் வேண்டும். 181 மகளிர் உதவி எண்ணையும், ஒருங்கிணைந்த சேவை மையம் எங்கே இருக்கிறது என்பதையும் வாயால் சொல்லி அனுப்புங்கள்.

இன்னொன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. விபத்தாலோ கர்ப்பத்தோடு தொடர்பில்லாத காரணத்தாலோ நேர்ந்த சாவு, உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி பேறுகால மரணத்தில் சேராது. அடித்துக் கொல்லப்பட்ட கர்ப்பிணியும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஒவ்வொரு பேறுகால மரணத்துக்கும் தணிக்கைக் கூட்டம் போடும் நம் சுகாதாரத் துறை இவளுக்காக ஏன் உட்கார்ந்து பேசக்கூடாது?

பெண்ணைப் பெற்றவர்களுக்கு: சந்தேகம் இருந்தால் உடலை எடுப்பதற்கு முன்பே காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். எரித்துவிட்டால் மறு ஆய்வுக்கு வழியே இல்லை. அடக்கம் செய்திருந்தால் தாசில்தார் முன்னிலையில் தோண்டியெடுக்க முடியும். அவள் இருந்த அறையை யாரும் கழுவ விடாதீர்கள். அவள் அனுப்பிய எதையும் உங்கள் போனிலிருந்து அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். புகாரில் எத்தனையாவது மாதம், எந்த சுகாதார நிலையம், பிக்மி எண் என்ன என்று சேர்த்து எழுதுங்கள். விசாரிக்கும் டி.எஸ்.பி. அந்தப் பதிவேடுகளை முதல் நாளே கைப்பற்ற அது உதவும்.