கன்ஸ்ட்ரக்டர் என்றால் அணியா? ஒரு சொல் விளக்கம்

ஃபார்முலா 1 கார் பந்தயங்களில் டிரெல் என்ற பழைய இங்கிலாந்து அணி எத்தனை முறை வென்றது என்று கேட்டால் 23 என்பார் ஒருவர், 33 என்பார் இன்னொருவர். இரண்டும் சரிதான். நடுவில் இருக்கும் அந்த 10 வெற்றிகளை டிரெல் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்ற சொல். நம் பத்திரிகைகளில் இதை ‘அணி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். படிக்கச் சுலபம், ஆனால் பொருள் அதுவல்ல.

பந்தய விதியில் கன்ஸ்ட்ரக்டர் என்பவர் காரின் சேஸிஸை, அதாவது எஞ்சினைத் தாங்கும் உடற்கூட்டை, வடிவமைத்துச் செய்தவர். எஞ்சினை வெளியே வாங்கிப் பொருத்தலாம், தவறில்லை. அதனால்தான் பழைய முடிவுப் பட்டியல்களில் ‘டிரெல்-ஃபோர்டு’, ‘லோட்டஸ்-பிஆர்எம்’ என்று இரட்டைப் பெயர்கள் வருகின்றன. முதலில் சேஸிஸ் செய்தவர் பெயர், பிறகு எஞ்சின் பெயர். இரண்டையும் ஒருவரே செய்தால் ஒற்றைப் பெயர் போதும், ஃபெராரி மாதிரி. லோட்டஸ் ஒரே ஆண்டில் இரண்டு விதமான எஞ்சின் போட்டு ஓட்டினால் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. பந்தயத்துக்குக் காரைக் கொண்டுவந்து ஓட்டியது யார் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

சொல்லின் வேர் லத்தீன். ‘கான்’ என்றால் சேர்த்து, ‘ஸ்ட்ருவெரே’ என்றால் அடுக்குவது. ஒன்றோடொன்று சேர்த்து அடுக்கி எழுப்புகிறவர் என்பது மூலப்பொருள். பிரெஞ்சில் கார் கம்பெனிகளையே இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். ஜெர்மனில் ‘கொன்ஸ்ட்ருக்டர்’ என்றால் வரைபடம் போடும் எஞ்சினியர். ஃபார்முலா 1-இல் ஓட்டுநர் பட்டம் தவிர கன்ஸ்ட்ரக்டருக்கும் ஒரு சாம்பியன் பட்டம் உண்டு. அது 1958-இல் தொடங்கியபோது பெயரில் இருந்தது ‘உற்பத்தியாளர்’ என்று பொருள்படும் வேறு சொல். முதல் ஆண்டு அதை வென்றது இங்கிலாந்தின் வான்வால். ‘கன்ஸ்ட்ரக்டர்’ அதிகாரபூர்வப் பெயரில் ஏறியது 1981-இல்.

அணியும் கன்ஸ்ட்ரக்டரும் எங்கே பிரிகிறார்கள் என்று பார்க்க டிரெல் குடும்பத்தின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கென் டிரெல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் மர வியாபாரி. இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்துவிட்டு வந்து, அண்ணன் தம்பியாக மரவாடி நடத்தியவர். 1950-களில் 500 சிசி கார்களை ஓட்டிப் பார்த்தார். தன்னைவிட நன்றாக ஓட்டுகிறவர்களுக்குக் காரைக் கொடுத்து அணி நடத்துவதுதான் தனக்குச் சரிப்படும் என்று அப்புறம் முடிவு செய்தார். ஆக்கம் என்ற ஊரில் இருந்த அந்த மரவாடியின் கொட்டகைதான் அணியின் பட்டறை. மனைவி நோரா பந்தயங்களுக்குக் கூடவே போய் அணிக்குச் சாப்பாடும் டீயும் பார்த்துக்கொண்டார். மகன் பாப் பின்னாளில் நிர்வாகத்துக்கு வந்தார்.

1968-இல் ஃபார்முலா 1-க்குள் நுழைந்தபோது டிரெல் சொந்தமாகக் கார் செய்யவில்லை. சேஸிஸ் பிரான்சின் மாத்ரா கம்பெனியுடையது, எஞ்சின் ஃபோர்டு பணத்தில் காஸ்வொர்த் செய்த டிஎஃப்வி, ஓட்டியவர் ஜாக்கி ஸ்டூவர்ட். 1969-இல் ஸ்டூவர்ட் உலக சாம்பியன். கன்ஸ்ட்ரக்டர் பட்டம்? அது மாத்ராவுக்குப் போனது. அந்த ஆண்டு மாத்ரா தன் சொந்த அணியை ஃபார்முலா 1-இல் இறக்கவே இல்லை. காரை ஓட்டியது, பராமரித்தது, ஊர் ஊராகக் கொண்டுபோனது எல்லாம் மரவாடிக் கொட்டகைக்காரர்கள். கோப்பையில் பெயர் மட்டும் பிரெஞ்சுக்காரருடையது. அநியாயம் என்று தோன்றலாம், ஆனால் விதி சொல்வது அதுதான்.

அடுத்த ஆண்டு மாத்ரா தன் சொந்த வி12 எஞ்சினைத்தான் போட வேண்டும் என்றது. டிரெல் டிஎஃப்வியைக் கைவிட மறுத்தார். வேறு சேஸிஸ் தேட வேண்டியதாயிற்று. அப்போதுதான் தொடங்கியிருந்த மார்ச் கம்பெனியின் காரை வாங்கி ஓட்டினார். அதில் ஒரே ஒரு வெற்றி, 1970 ஸ்பெயினில். மார்ச் கார் பற்றி யாருக்கும் பெரிய திருப்தியில்லை. அடுத்தவர் சேஸிஸை நம்பினால் இதே தலைவலி வருடா வருடம் வரும் என்று புரிந்துகொண்ட டிரெல், டெரக் கார்ட்னர் என்ற எஞ்சினியரிடம் ரகசியமாகச் சொந்தக் கார் வேலையை ஒப்படைத்தார். கார்ட்னர் தன் வீட்டிலேயே உட்கார்ந்து வரைந்தார். ‘டிரெல் 001’ 1970 ஆகஸ்டில் வெளியே வந்தது. அன்றிலிருந்துதான் டிரெல் ஒரு கன்ஸ்ட்ரக்டர். மாத்ராவில் 9, மார்ச்சில் 1 என்று அதற்கு முன் வந்த 10 வெற்றிகளும் அவரவர் பெயரிலேயே நின்றுவிட்டன.

1971-இல் ஓட்டுநர் பட்டம், கன்ஸ்ட்ரக்டர் பட்டம் இரண்டும் வந்தன. 1973-இல் ஸ்டூவர்ட் மீண்டும் சாம்பியன். ஆனால் கடைசிப் பந்தயமான அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென்னில், பயிற்சியின்போது அணியின் இன்னொரு ஓட்டுநர் பிரான்சுவா செவேர் விபத்தில் இறந்துபோனார். அணி விலகிக்கொண்டது, ஸ்டூவர்ட் தன் 100-வது பந்தயத்தை ஓட்டாமலேயே ஓய்வு பெற்றார். 1976-இல் முன்பக்கம் நான்கு சின்னச் சக்கரங்கள் வைத்த ஆறு சக்கர பி34 கார் வந்து, ஸ்வீடனில் முதலிரண்டு இடங்களையும் பிடித்தது. கடைசி வெற்றி 1983 டெட்ராய்ட். பிறகு பணபலம் உள்ளவர்களோடு ஒரு குடும்பம் எவ்வளவு நாள் மல்லுக்கட்டும்? அணி விற்கப்பட்டு, 1998 சீசனோடு டிரெல் என்ற பெயர் மறைந்தது. அந்த இடம் பிஏஆர், ஹோண்டா, பிரான் என்று கைமாறி இன்று மெர்சிடிஸ். வழித்தோன்றல் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் மெர்சிடிஸ் வாங்கிய பட்டம் எதுவும் டிரெல் கணக்கில் ஏறாது. இன்னொரு குடும்ப அணியான வில்லியம்ஸுக்கும் இதே கணக்குதான்: 1977-இல் அவர்கள் ஓட்டியது மார்ச் கார் என்பதால், அந்த ஆண்டு கன்ஸ்ட்ரக்டராக அவர்கள் பெயர் வராது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தயாரிப்பாளர்’ என்றால் நமக்குச் சினிமாவுக்குப் பணம் போடுபவர் நினைவுக்கு வருவார். ‘உற்பத்தியாளர்’ ஆயிரக்கணக்கில் செய்து விற்கும் தொழிற்சாலைக்குப் பொருந்தும், வருடத்துக்கு நாலைந்து கார் செய்யும் கொட்டகைக்குப் பொருந்தாது. ‘கட்டமைப்பாளர்’ சிலர் எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் சாலை, பாலம், உள்கட்டமைப்பு என்று அது அரசு அறிக்கை வாடை அடிக்கிறது. ஆசைக்குச் சொன்னால் ‘தச்சர்’ அருமையான சொல். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன், ஒரு மாதம் முயன்று செய்த சக்கரம் போன்றவன் என்று அதியமானைப் பாடுகிறார் ஔவையார், புறநானூறு 87-இல். வேகமும் நுணுக்கமும் அதில் இருக்கின்றன. என்ன செய்ய, இன்று தச்சர் என்றால் மரவேலை மட்டும்தான். கென் டிரெல் விற்றது மரம் என்றாலும் அவர் முதலில் செய்த கார்கள் அலுமினியம்.

என் தேர்வு ‘கட்டுநர்’. நாமக்கல்லில் லாரிக்கு ‘பாடி கட்டுகிறோம்’ என்கிறார்கள். வண்டியைக் கட்டுவது நமக்குப் புதிதல்ல. (அங்கே சேஸிஸை வாங்கி மேலே கட்டுகிறார்கள், ஃபார்முலா 1-இல் சேஸிஸைக் கட்டியவருக்குத்தான் பெயர்.) ‘ஓட்டுநர் சாம்பியன்ஷிப்’, ‘கட்டுநர் சாம்பியன்ஷிப்’ என்று பக்கத்தில் வைத்தால் ஜோடியும் சேர்கிறது. வீடு கட்டும் பில்டர்களும் தங்களைக் கட்டுநர் என்றே சொல்லிக்கொள்வதால், கட்டுரையில் முதல் தடவை ‘கார் கட்டுநர்’ என்று எழுதிவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். ‘கட்டுனர்’ அல்ல, ஓட்டுநர், நடத்துநர் போல ‘ந’ போட்டு எழுத வேண்டும்.