பூனை உங்களைக் காவல் காக்கிறதா?

"வீட்டுக்கு யார் வந்தாலும் என் மடியில் ஏறி உட்கார்ந்து உறுமுது டாக்டர், என்னை யாரும் நெருங்கக் கூடாதாம்." வளர்ப்பவர்கள் பெருமையோடு சொல்வதைக் கால்நடை மருத்துவர்கள் சற்றுக் கவலையோடுதான் கேட்கிறோம். பூனை மனிதரைக் காப்பாற்றவே காப்பாற்றாது என்று சொல்ல வரவில்லை. 2014 மே மாதம் அமெரிக்காவின் பேக்கர்ஸ்ஃபீல்டு நகரில், வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவனின் காலைக் கவ்வி இழுத்த நாயின் மேல் தாரா என்ற வீட்டுப் பூனை பாய்ந்து அதைத் துரத்தியடித்தது. கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சி உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அது அபூர்வம் என்பதால்தான் செய்தியானது. சிகிச்சைக்கு வரும் 'காவல்' பூனைகளில் பெரும்பாலானவை பயந்துபோயிருக்கின்றன, காப்பது தங்களைத்தான்.

பூனையின் மூதாதை தனியாக வேட்டையாடும் காட்டுப்பூனை. காயம் பட்டால் இரை பிடித்துக் கொடுக்கத் துணை கிடையாது. அதனால் கைகலப்பைத் தவிர்ப்பதுதான் அதன் முதல் விருப்பம். சீறல், உறுமல், காதைப் பின்னால் மடிப்பது, வாலைத் தரையில் அடிப்பது எல்லாம் 'அங்கேயே நில்' என்ற எச்சரிக்கை. மடி அதற்கு உயரமான, கதகதப்பான, பழகிய வாசனையுள்ள இடம். அங்கே இருக்கும்போது அறிமுகமில்லாத ஒரு கை நீண்டால், தப்பியோட வழியின்றி உறுமுகிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. விருந்தாளியைப் பத்தடி தள்ளி உட்காரச் சொல்லுங்கள். பூனையைப் பார்க்கவோ கூப்பிடவோ வேண்டாம். சில நிமிடங்களில் கண்மணி சுருங்கி, காது முன்னால் திரும்பிப் பூனை தணிந்தால், அதுவரை அதை உறும வைத்தது பயம்தான். நீங்கள் எழுந்து உள்ளே போனதும் உங்களைத் தொடராமல் கட்டிலுக்கடியில் ஓடினாலும் அதே பதில். மடியில் உறுமும் பூனையைக் கையால் தூக்கி இறக்காதீர்கள். மெல்ல எழுந்து நின்றால் அதுவே இறங்கிவிடும். பிடித்து வைத்துக்கொண்டு "சும்மா தடவிப் பாருங்க, ஒண்ணும் செய்யாது" என்பதுதான் பல கடிகளின் தொடக்கம். சீறியதற்காக அடிப்பதும் அதட்டுவதும் அதைவிட மோசம். அடி வாங்கிய பூனைக்குப் பயம் போவதில்லை, சீறல் மட்டும் நின்றுபோகிறது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே பல் பதியும்.

உண்மையான பாதுகாப்புக் குணத்தைக் காண வேண்டுமானால் ஈன்ற பூனையைப் பாருங்கள். குட்டி போட்ட முதல் சில வாரங்களுக்கு, அதுவரை சாதுவாக இருந்த பூனையும் நாய், வேறு பூனை, அந்நிய மனிதர் என யார் மீதும் பாயலாம். குட்டிகள் பால் மறக்க மறக்க இது தானாகத் தணியும். நடமாட்டமில்லாத அறையில் ஓர் அட்டைப்பெட்டி, பழைய துணி, அருகில் தண்ணீர், சற்றுத் தள்ளி, அது மலமும் மூத்திரமும் கழிக்க மணல் தட்டு இருந்தால் போதும். அக்கம்பக்கத்துக் குழந்தைகளை அழைத்து வந்து காட்டாதீர்கள். ஆனால் வீட்டிலுள்ள இரண்டு மூன்று பேர், தாய் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, குட்டிகளைத் தினமும் மென்மையாகக் கையாளத்தான் வேண்டும். பிறந்த 2ஆம் வாரத்திலிருந்து 7ஆம் வாரம் வரைதான் மனித வாசனை அவற்றின் மனதில் எளிதாகப் பதியும் காலம். அதே காரணத்துக்காகவே 4 வாரக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். 8 வாரத்துக்கு முன் பிரிக்கப்பட்ட பூனைகளிடம் ஆக்ரோஷம் கூடுதலாக இருப்பதை ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வு 2017இல் காட்டியது.

ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கடுவன்

அடுக்குமாடி வீடுகளில் நாங்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான். மதில் மேல் ஒரு தெருக் கடுவன், அதாவது ஆண் பூனை, வந்து நிற்கிறது. உள்ளே உங்கள் பூனை கண்ணாடிக்குப் பின்னால் வால் மயிர் சிலிர்த்து, முதுகு வளைந்து நிற்கிறது. வந்தவனை எட்ட முடியாது. அந்த நேரம் பார்த்து நீங்கள் பின்னாலிருந்து முதுகைத் தடவினால், கடுவனுக்கு விழ வேண்டிய கடி உங்கள் கையில் விழும். இதைத் திசைமாறிய ஆக்ரோஷம் என்கிறோம். பக்கத்தில் நிற்பது கூடவே வளர்ந்த இன்னொரு பூனை என்றால் விளைவு இன்னும் மோசம். ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டும் அன்றிலிருந்து கண்டாலே உருண்டு புரளும். வீட்டில் யாரும் கடுவனைப் பார்த்திருக்க மாட்டார்கள். "திடீர்னு பகையாயிடுச்சு" என்றுதான் சொல்வார்கள்.

கிளறிவிடப்பட்ட உடம்பு உடனே அடங்காது. சிலதற்கு ஒரு மணி நேரம், சிலதற்கு ஒன்றிரண்டு நாளும் ஆகும். அதுவரை சமாதானம் பேசப் போகாதீர்கள். சண்டை நடந்தால் கையையோ காலையோ நடுவே விடாமல், பெரிய அட்டையோ தலையணையோ செருகிப் பிரியுங்கள். தடித்த போர்வையைப் போட்டு மூடியும் நகர்த்தலாம். கொதித்திருக்கும் பூனையைத் தண்ணீர், உணவு, மணல் தட்டு உள்ள அறையில் விட்டு, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்துங்கள். சில மணி நேரம் கழித்துக் கதவை லேசாகத் திறந்து பாருங்கள். உங்களைக் கண்டதும் உறுமினால் மறுபடி சாத்திவிடுங்கள். வைத்த உணவைச் சாப்பிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருந்தால் அடங்கிவிட்டது.

இரண்டையும் மறுபடி சேர்க்கும் இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். அன்று மாலையே ஒன்றாக விட்டு, மறுபடி சண்டை, மறுநாளும் அதே கதை. தோற்றுப்போன ஒவ்வொரு சந்திப்பும் பகையை இறுக்குகிறது. புதிதாக அறிமுகம் செய்வதாக நினைத்துத் தொடங்குங்கள். மூடிய கதவுக்கு இருபுறமும் ஆறடி தள்ளிச் சாப்பாடு. சீறாமல் சாப்பிட்டால் நாளுக்கு அரையடி தட்டை முன்னே நகர்த்தலாம். ஒன்றின் கன்னத்தில் தேய்த்த துணியை மற்றதன் படுக்கையில் போடுங்கள். தட்டுகள் கதவோரம் வந்தபின் இரண்டு விரல் அகலம் திறப்பு, பிறகு வலை வழியாகப் பார்வை, கடைசியில் ஒரே அறையில் சாப்பிடும் ஐந்து நிமிடம். எங்காவது சீறினால் இரண்டு நாள் பின்வாங்குங்கள். சில ஜோடிகளுக்குச் சில வாரங்களே போதும், சிலதற்கு இரண்டு மாதம் ஆகும்.

கூடவே ஜன்னலின் கீழ்ப்பாதியில் பனிக்கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டுங்கள். தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்கும் நல்ல பழக்கத்தை அந்த ஜன்னலடியிலிருந்து மாற்றுங்கள். கடுவன் மூத்திரம் பீய்ச்சிய சுவரை என்சைம் கலந்த சலவைப் பவுடர் கரைசலால் கழுவி, வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். ஃபினாயில் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் கழித்து வெளியேற்ற முடியாது. பாதத்தில் பட்டு, நக்கினாலே நஞ்சு.

உங்கள் முகத்தைப் பார்க்கிறது

பூனைக்கு உணர்ச்சி கிடையாது, சாப்பாட்டுக்காகத்தான் ஒட்டுகிறது என்பது இன்னொரு கோடி. மிலான் பல்கலைக்கழக ஆய்வில், படபடக்கும் ரிப்பன் கட்டிய மின்விசிறியைக் கண்ட 24 பூனைகளில் ஐந்தில் நான்கு பங்கு, விசிறியையும் எஜமானர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தன. ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு நிமிடம் தனியே விடப்பட்ட குட்டிகளில் சுமார் 64 சதவீதம், ஆள் திரும்பியதும் பதற்றம் தணிந்து அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின. மனிதக் குழந்தைகளிடம் காண்பதற்கு இது நெருக்கமான அளவு.

அதனால்தான் வீட்டுச் சண்டை, வீடு மாற்றம், மகள் விடுதிக்குப் போனது, கைக்குழந்தை வந்தது எல்லாம் பூனையின் உடம்பில் வந்து நிற்கின்றன. வயிற்றையும் தொடையின் உட்புறத்தையும் வழுக்கையாகும் வரை நக்கும். இதை மனக்கவலை என்று நாமே முடிவு செய்யக் கூடாது. உண்ணி, தெள்ளுப்பூச்சி, ஒவ்வாமை இவற்றை முதலில் விலக்க வேண்டும். மெத்தையில் மூத்திரம் போனால் 'பழிவாங்குது' என்பார்கள். மன அழுத்தத்தால் பூனையின் சிறுநீர்ப்பை உள்ளே வீங்கும். மணல் தட்டில் மூத்திரம் போகும்போது வலித்ததால் மெத்தையைத் தேடுகிறது. பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி அத்தனை மணல் தட்டுகள், ஒவ்வொன்றும் வேறு வேறு மூலையில் இருக்கட்டும். மணல் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் போதும்.

ஆண் பூனை அடிக்கடி மணல் தட்டுக்குப் போய், முக்கி, கத்தி, ஒரு துளி மூத்திரம்கூட வரவில்லையென்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஒன்றிரண்டு நாளில் இதயம் நின்றுவிடும். அதேபோல 24 மணி நேரம் சாப்பிடாத பூனைக்கு, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, 'ஏக்கம், சரியாகிடும்' என்று காத்திருப்பது ஆபத்து. இரண்டு மூன்று நாள் பட்டினியில் உடம்புக் கொழுப்பு ஈரலில் குவிந்து அதைச் செயலிழக்க வைக்கும். வலிக்கிறதோ என்று பாராசிட்டமால் கொடுத்தால் ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும்.

பத்து வயதைக் கடந்த பூனை புதிதாகத் தொட்டாற்சிணுங்கி ஆகிறது, இரவில் ஊளையிடுகிறது என்றால் குணம் மாறிவிட்டதாக எண்ணாமல் பல், மூட்டு, தைராய்டு, ரத்த அழுத்தம் நான்கையும் பாருங்கள்.

தீபாவளிக்கு மட்டும் தனி ஏற்பாடு தேவை. வெடிச்சத்தம் தொடங்கும் முன்பே உள்ளறையில் ஒளிய இடம், தண்ணீர், மணல் தட்டு வைத்து, ஜன்னல் சாத்தி, மின்விசிறியை ஓடவிடுங்கள். அலமாரிக்குள் ஒளிந்தால் இழுத்து அணைக்க வேண்டாம். மிகவும் பயப்படும் பூனைக்கு எடை பார்த்து மருந்து தரலாம். அதற்கு முந்தின வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

கடித்துவிட்டால், அது உங்கள் செல்லமே ஆனாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். இறுக்கக் கட்டுப் போடவும் வேண்டாம். பூனைப் பல் ஊசிபோல ஆழமாக இறங்குவதால் மேல் காயம் சிறிதாகத் தெரியும், உள்ளே கிருமி பெருகி ஒரே நாளில் கை வீங்கும். அன்றே மருத்துவமனைக்குப் போய், வெறிநோய்த் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். வெளியே சுற்றும், தடுப்பூசி போடாத பூனை காரணமின்றிப் பாய்ந்து கடித்தால், எச்சில் ஒழுகினால், நடை தள்ளாடினால் அதைத் தொடாமல் அறையில் பூட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அந்தப் பூனைக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டு உங்கள் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.