டாங்கி நிறையும்போது மேலே ஆள்

சுங்கை சிப்புட்டைச் சுற்றி வளர்ந்தவர்களுக்குச் செம்பனை ஆலை புதிதல்ல. அப்பா அங்கேதான் வேலை செய்தார். பழக்குலை அவிக்கும் கலனில் நீராவி ஏறும்போது பக்கத்தில் நிற்காதே என்பார். அதனால் டியூஷனில் ஒரு மாணவி கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது: "எரிபொருள் நிரப்பும்போது ராக்கெட் உச்சியில் ஆள்களை உட்கார வைக்கிறார்களே சார், ஆபத்து இல்லையா?"

முன்பு அப்படி இல்லை. 2007-இல் நம் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட்டில் ஏறும்போது டாங்கிகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. நிலவுக்கு ஆள் அனுப்பிய அமெரிக்காவின் அப்பல்லோவிலும் இதே வரிசைதான். நிரப்பும் நேரம்தான் பொல்லாத நேரம். எரிபொருளை எரிக்க ராக்கெட்டில் ஆக்சிஜனும் நிரப்புவார்கள். அது திரவமாக இருக்க மைனஸ் 183 டிகிரி குளிர் வேண்டும். அந்தக் குளிரில் உலோகம் சுருங்கும், அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். நிரம்பிய பிறகு எல்லாம் ஓரளவு அடங்கிவிடும்.

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட் இந்த வரிசையை மாற்றியது. அதன் ஆக்சிஜனை மைனஸ் 207 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கிறார்கள். குளிரக் குளிர அடர்த்தி கூடும், அதே டாங்கியில் அதிகம் பிடிக்கும். ஆனால் காத்திருந்தால் சூடேறி விரிந்துவிடும். எனவே வீரர்கள் ஏறி அமர்ந்த பிறகு, கடைசி 35 நிமிடத்தில்தான் நிரப்புகிறார்கள்.

2016 செப்டம்பர் 1 அன்று கேப் கனாவரலில், ஆளில்லாத ஃபால்கன் 9 ஒன்று, எஞ்சின் சோதனைக்காக எரிபொருள் நிரப்பும்போதே வெடித்தது. ஆக்சிஜன் டாங்கிக்குள் இருந்த ஹீலியம் கலனின் மேலுறைக்கும் உள் உலோகத்துக்கும் நடுவே ஆக்சிஜன் சிக்கித் தீப்பிடித்ததுதான் காரணம். யாருக்கும் காயமில்லை.

மேலே ஆள் இருந்திருந்தால்? அமெரிக்காவின் விண்வெளி ஓடக் (ஸ்பேஸ் ஷட்டில்) காலத்தில் தப்பும் வழி, கம்பியில் சறுக்கி இறங்கும் கூடை. கதவைத் திறந்து, பாலத்தில் ஓடி, அதில் ஏற வேண்டும். வெடிப்பு அவ்வளவு நேரம் தராது. ஃபால்கன் 9 உச்சியில் வீரர்கள் அமரும் டிராகன் கலத்திலோ சுவரிலேயே 8 தப்பிக்கும் எஞ்சின்கள் உண்டு. ஏறும் பாலம் விலகி, அந்த எஞ்சின்கள் தயார்நிலைக்கு வந்த பிறகுதான் நிரப்பத் தொடங்குவார்கள். வீரர்களை அமர வைத்த பணியாளர்களும் அதற்குள் போய்விடுவார்கள். முன்பெல்லாம் அவர்கள் நிரம்பிய டாங்கிக்குப் பக்கத்தில் நின்றுதான் வேலை செய்தார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே புதிய வரிசையை ஏற்கலாம் என்பது என் எண்ணம்.

சரி, பறந்து தப்புவது நடக்குமா? நடந்திருக்கிறது. 1983 செப்டம்பர் 26, சோவியத் ஏவுதளமான பைக்கோனூர். ஏவுவதற்கு ஏறக்குறைய 90 நொடி இருக்கும்போது சோயுஸின் அடியில் தீ. கட்டளை போகும் மின்கம்பிகள் எரிந்துபோனதால் ரேடியோ மூலம் கட்டளை அனுப்ப வேண்டியிருந்தது. உச்சியிலிருந்த தப்பிக்கும் ராக்கெட் கலத்தைப் பிய்த்துக்கொண்டு மேலே போனது. சில நொடிகளில் கீழே ராக்கெட் வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்த வீரர்கள் தித்தோவ், ஸ்ட்ரெக்கலோவ் இருவரும் சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி உயிரோடு இறங்கினார்கள். அப்புறம் இருவருமே மறுபடியும் விண்வெளிக்குப் போனார்கள்.