விசா மட்டும் போதாது: இசிஆர் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்கள் வாங்க வேண்டிய அனுமதி

சவூதிக்கோ குவைத்துக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகிறவர்களில் பலர், விசா வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். விசா அந்த நாடு தரும் அனுமதி. இங்கிருந்து வேலைக்குக் கிளம்ப இந்திய அரசு தரும் அனுமதி தனி. எல்லோருக்கும் அது தேவையில்லை. ஆனால் தேவைப்படுகிறவர் அது இல்லாமல் ஏர்போர்ட்டுக்குப் போனால், இமிக்ரேஷன் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எமிக்ரேஷன் கிளியரன்ஸ் என்பது இதுதான். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகங்கள் இதைக் கொடுக்கின்றன. சென்னையிலும் ஒன்று இருக்கிறது.

உங்களுக்கு இது தேவையா என்பதைப் பாஸ்போர்ட்டே சொல்லிவிடும். பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ‘எமிக்ரேஷன் செக் ரிக்வயர்டு’ என்றோ, சுருக்கமாக இசிஆர் என்றோ அச்சாகியிருக்கும். பெரும்பாலும் முகவரி இருக்கும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அப்படி எதுவுமே இல்லையென்றால் உங்களுடையது இசிஎன்ஆர், அதாவது ‘எமிக்ரேஷன் செக் நாட் ரிக்வயர்டு’ பாஸ்போர்ட். 2007 முதல் அதற்கென்று தனி முத்திரை குத்துவதில்லை.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குத்தான் பொதுவாக இசிஆர் பாஸ்போர்ட் வரும். பத்தாவது தேறியவர்கள், 18 வயதுக்குள் இருப்பவர்கள், 50 வயதைக் கடந்தவர்கள், வருமான வரி கட்டுகிறவர்கள், ஏற்கெனவே மூன்று ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்கள் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பாஸ்போர்ட் எடுத்த பிறகு தனித்தேர்வு எழுதிப் பத்தாவது தேறியவர்கள் நிறையப் பேர் இன்னும் பழைய இசிஆர் பாஸ்போர்ட்டையே வைத்திருக்கிறார்கள். மதிப்பெண் சான்றிதழைக் காட்டி, பாஸ்போர்ட் சேவா தளத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்தால் இசிஆர் நீங்கிய புது பாஸ்போர்ட் கிடைக்கும். விசாவுக்குக் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. விசா பழைய பாஸ்போர்ட் எண்ணில் வந்துவிட்டால் அலைச்சல் இரட்டிப்பாகும்.

இசிஆர் பாஸ்போர்ட் இருந்தாலும் எல்லா நாட்டுக்கும் கிளியரன்ஸ் கேட்பதில்லை. பட்டியலில் இருப்பவை 18 நாடுகள்: ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, இராக், ஜோர்டான், லெபனான், லிபியா, சூடான், தெற்கு சூடான், சிரியா, ஏமன், ஆப்கானிஸ்தான். சிங்கப்பூர் இதில் இல்லை. நர்ஸ்களுக்கு மட்டும் விதி வேறு. 2015 முதல் அவர்கள் இசிஎன்ஆர் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகக் கிளியரன்ஸ் வாங்கியாக வேண்டும்.

இதையெல்லாம் கேட்டதும் சப்-ஏஜென்ட் ஒரு குறுக்கு வழி சொல்வார்: “விசிட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்.” தயவுசெய்து இதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். விசிட் விசாவில் போகிறவர் அரசுக் கணக்கில் சுற்றுலாப் பயணி. பதிவான ஒப்பந்தம் இருக்காது, காப்பீடு இருக்காது. சம்பளம் வராவிட்டால் தூதரகத்தில் காட்டக் கையில் ஒரு தாள்கூட இருக்காது. விசா நாள் கடந்தால் தண்டத்தொகை ஒரு பக்கம் ஏறும், பிடிபட்டால் நாடு கடத்துவார்கள். அழைத்துப் போனவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

சரி, முறையாகப் போவது எப்படி? கிளியரன்ஸ் வேலை முழுவதும் இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் நடக்கிறது. ஏஜென்ட் மூலமாகப் போனால் அவரே விண்ணப்பிப்பார். முதலாளி நேரடியாக எடுத்தால் அவரும் அந்தத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பாஸ்போர்ட், வேலை விசா, ஒப்பந்தம், காப்பீடு இவை அடிப்படை. பாஸ்போர்ட் காலாவதியாகக் குறைந்தது ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும்.

ஏஜென்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அதே தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று அங்கேயே தெரியும். பதிவு பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. அதற்கும் ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்டால் அது சட்டத்துக்கு வெளியே போகிற பணம். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணத்துக்கு ரசீதே இல்லையென்றால் பின்னால் எந்த அலுவலகத்திலும் பேச முடியாது.

விசாத் தாள் கைக்கு வந்ததும் தொழில் என்ற கட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அரபியில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சவூதிக்குப் போகிறவரிடம் “கம்பெனி டிரைவர் வேலை” என்று சொல்லியிருப்பார்கள்; கட்டத்தில் ‘ஹவுஸ் டிரைவர்’ என்று இருக்கும். இரண்டும் வண்டி ஓட்டுகிற வேலைதானே என்று விட்டுவிடக் கூடாது. சவூதியில் வீட்டு டிரைவர், வீட்டு வேலை செய்கிறவர்களின் கணக்கில் வருகிறார். அந்நாட்டுப் பொதுத் தொழிலாளர் சட்டம் அவருக்குப் பொருந்தாது, தனி விதிகள்தான். வேலை நேரம், ஓவர்டைம், விடுப்பு எல்லாமே அந்த ஒரு சொல்லில் மாறிப்போகும். ஒப்பந்தத்தில் இருக்கிற தொழிலும் சம்பளமும் விசாவோடு ஒத்துப்போகவில்லை என்றால், சரிசெய்து வாங்காமல் கிளம்பாதீர்கள். சாப்பாடு, தங்குமிடம், திரும்பி வரும் டிக்கெட் யார் செலவு என்பதும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்னது அங்கே செல்லாது.

காப்பீட்டின் பெயர் பிரவாசி பாரதிய பீமா யோஜனா. 2003-இல் தொடங்கியது, கிளியரன்ஸ் வாங்குகிற இசிஆர் தொழிலாளிக்குக் கட்டாயம். பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். முதலாளி மாறினாலும் காப்பீடு தொடரும். இவ்வளவு குறைந்த தொகைக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இருந்தும், பாலிசி எடுத்திருப்பதே தெரியாத குடும்பங்கள் உண்டு என்பதுதான் வருத்தம். ஏஜென்ட் கட்டிவிட்டு ஃபைலில் வைத்துவிடுகிறார். பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள், நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு பிரதியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பெண்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. இசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது நிறைந்திருக்க வேண்டும். தனியார் ஏஜென்ட் அவரை அனுப்ப முடியாது. அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கென்று 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. நர்ஸ் வேலைக்கும் அங்கேயே விசாரிக்கலாம். “வயதை நான் பார்த்துக்கொள்கிறேன், முதலில் துபாய் போய் அங்கிருந்து வேறு நாடு” என்று யாராவது சொன்னால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஏதாவது சந்தேகம் இருந்தாலும், போன பிறகு பிரச்சினை வந்து வீட்டார் இங்கிருந்து அழைத்தாலும் 1800 11 3090 என்ற இலவச எண்ணில், வெளிநாடு போகிறவர்களுக்கான அரசு உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவைக் கேட்கலாம். சம்பள பாக்கி, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது போன்ற புகார்களை வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார் இணையதளத்தில் பதியலாம்; ஊரில் இருக்கும் குடும்பத்தினரே பதிந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். அப்போது பாஸ்போர்ட் எண், முதலாளியின் பெயர், முகவரி எல்லாம் கேட்பார்கள். அதனால் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், ஏஜென்ட் கொடுத்த ரசீது நான்கையும் போட்டோ எடுத்து, விமானம் ஏறும் முன்பே வீட்டில் ஒருவருடைய போனுக்கு அனுப்பிவையுங்கள்.