சோதனை ஓட்டத்தில் முதலிடம் பிடித்த கார் உண்மையிலேயே வேகமானதா?

ஃபார்முலா 1 சீசனுக்கு முந்தைய சோதனை ஓட்டம் முடிந்த அன்றைக்கே ஒரு பட்டியல் சமூக ஊடகங்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். ஓட்டுநரின் பெயர், அவர் போட்ட மிக வேகமான சுற்று, முதலிடத்தோடு உள்ள இடைவெளி, அவ்வளவுதான். அதைப் பார்த்துக் கணிப்புகள் எழுதுகிறார்கள், ஃபேன்டசி அணி சேர்க்கிறார்கள், சிலர் பணமும் கட்டுகிறார்கள். பட்டியலில் உள்ள எண்கள் எல்லாம் சரியானவைதான். ஆனால் அந்த நேரம் வந்தபோது டாங்கியில் எவ்வளவு எரிபொருள் இருந்தது, எந்த டயர், எஞ்சினை எந்த அளவுக்குத் திறந்துவிட்டார்கள், பகலா மாலையா என்ற நான்கும் அதில் இருக்காது. இந்த நான்கும் தெரியாமல் இரண்டு கார்களை ஒப்பிடவே முடியாது.

2025 பஹ்ரைன் சோதனையின் மூன்று நாள்களிலும் சேர்த்து மிக வேகமான சுற்று 1:29.348. அதைப் போட்டவர் வில்லியம்ஸ் காரில் கார்லோஸ் சைன்ஸ். சீசன் முடிவில் வில்லியம்ஸ் அணிப் பட்டியலில் ஐந்தாவது இடம், பட்டம் மெக்லாரனுக்கு. 2019 இன்னும் நல்ல உதாரணம். பார்சிலோனா சோதனையின் முடிவில் ஃபெராரியின் வெட்டல் 1:16.221, மெர்சிடிஸின் ஹாமில்டன் 1:16.224. வெறும் 0.003 வினாடி வித்தியாசம். ஃபெராரிதான் முன்னணியில் என்று எல்லோரும் எழுதினார்கள். மெல்போர்னில் நடந்த முதல் பந்தயத்தில் மெர்சிடிஸின் இன்னொரு ஓட்டுநர் போட்டாஸ் வென்றார், ஹாமில்டன் இரண்டாவது. வெட்டல் ஏறக்குறைய ஒரு நிமிடம் பின்தங்கி நான்காவதாக வந்தார்.

எரிபொருளிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெரிய பிழை அங்கேதான் வருகிறது. 2025 வரையிலான விதிகளில் ஒரு பந்தயத்துக்கு அதிகபட்சம் 110 கிலோ எரிபொருள். பஹ்ரைன் போன்ற ஓடுபாதையில் 10 கிலோ கூடுதல் எடை ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 வினாடியைத் தின்னும். ஓர் அணி 10 கிலோவோடும் இன்னோர் அணி 40 கிலோவோடும் ஓடினால், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தாலும் 0.9 வினாடி இடைவெளி தெரியும். நடுத்தர அணிகள் எல்லாமே அடங்கிவிடக்கூடிய இடைவெளி அது. எந்த அணியும் தன் எரிபொருள் அளவை வெளியே சொல்லாது. பந்தய வார இறுதியைப் போல ஒவ்வொரு காரையும் எடை போட்டுத் தகுதி நீக்குகிற ஏற்பாடும் சோதனையில் கிடையாது.

டயரில் ஒரு பொறி இருக்கிறது. எல்லா அணிகளும் ஓட்டும் பிரெல்லி நிறுவன டயர்களில் சி1 மிகக் கடினம். எண் ஏற ஏற மென்மை கூடும். மென்மையான டயரில்தான் வேகம் அதிகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பஹ்ரைனில் அது அப்படியே பொருந்தாது. அங்கே தார் சொரசொரப்பானது, வளைவிலிருந்து வெளியேறும்போதெல்லாம் பின் டயர் அடி வாங்கும். மிக மென்மையான டயர், சுற்றின் கடைசிப் பகுதிக்கு வருவதற்குள் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். அதனால் சி3-இல் வந்த நேரத்தையும் சி5-இல் வந்த நேரத்தையும் பார்த்து, “ஒரு படிக்கு அரை வினாடி” என்று கண்ணை மூடிக்கொண்டு கழிப்பது சரிவராது.

நேரமும் முக்கியம். பஹ்ரைனில் தகுதிச் சுற்றும் பந்தயமும் மாலையில், விளக்கு வெளிச்சத்தில் நடக்கின்றன. சோதனையோ காலையில் தொடங்கி இருட்டும்வரை நீளும். நண்பகலில் பாதை கொதிக்கும், காற்று மணலைக் கொண்டுவந்து போடும். கடைசி ஒரு மணி நேரத்தில்தான் பாதை குளிர்ந்து, போட்டி நேரத்து நிலைக்கு வரும். எனவே சுற்று நேரத்தைப் பார்க்கும்போது அது எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எஞ்சின் அமைப்பைக் கண்டுபிடிப்பது கடினம். நேர்ப்பாதையின் உச்ச வேகம் ஒரு துப்பு கொடுக்கும், ஆனால் பின் இறக்கையின் அளவும் அதே எண்ணைத்தான் மாற்றும் என்பதால் அதை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இடைவிடாமல் ஓடும் நீண்ட ஓட்டங்களை. அதிலும் குறிப்பாக, பந்தயத்தை முழுசாக ஒத்திகை பார்க்கும் ஓட்டங்களை.

இதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவது 2010 முதல் தடை. ஆக, ஒரு கார் 57 சுற்றையும் ஒத்திகையாக ஓடி முடித்தால், அது கிளம்பும்போது, 2025 வரையிலான விதிகளின்படி, சுமார் 100 கிலோவாவது ஏற்றியிருக்க வேண்டும். மறைக்க வழியில்லை. ஒத்திகை உண்மையானதா என்று உறுதிசெய்ய, டயர் மாற்ற உள்ளே வந்த நேரத்தைக் கவனியுங்கள். பிட் பாதையில் நுழைந்து சில வினாடி நின்று உடனே வெளியேறினால், எரிபொருள் ஏறவில்லை. காரைக் கராஜுக்குள் தள்ளிச் சில நிமிடம் கழித்து அனுப்பினால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஓட்டங்களை ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வெளியாகும் “நீண்ட ஓட்ட ஒப்பீடு” வரைபடங்கள் ஏராளம். அவற்றை ஒதுக்கிவிடலாம்.

கணக்கை ஒரு மாதிரியோடு பார்ப்போம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 கிலோ எரிகிறது என்று கொள்வோம். எடை குறைவதால் மட்டுமே ஒவ்வொரு சுற்றும் சுமார் 0.06 வினாடி வேகமாக வேண்டும். அதாவது, நேரம் ஏறாமல் இறங்காமல் ஒரே அளவில் நிற்கும் காரிலும் டயர் சுற்றுக்கு 0.06 வினாடி தேய்ந்துகொண்டிருக்கிறது. இப்போது இரண்டு கார்கள், ஒரே வகை டயர், 15 சுற்று. முதல் கார் 1:36.4-இல் தொடங்கி 1:37.3-இல் முடிக்கிறது. இரண்டாவது 1:36.9-இல் தொடங்கி 1:37.1-இல் முடிக்கிறது. சராசரி பார்த்தால் முதல் காரே வேகம்: 1:36.85-க்கு எதிராக 1:37.0. ஆனால் எரிபொருளைக் கழித்துப் பார்த்தால் முதல் காரின் தேய்மானம் சுற்றுக்கு 0.12 வினாடி, இரண்டாவதில் 0.07-தான். பதினோராவது சுற்றில் இரண்டும் சமம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டாவது கார் முந்துகிறது. 21 சுற்று ஓடினால் மொத்த நேரமும் சமமாகிவிடும். பந்தயத்தில் இரண்டே நிறுத்தங்கள் போதும் என்கிற நிலையை எட்டுவது இரண்டாவது காராகத்தான் இருக்கும்.

2023-இல் ஆஸ்டன் மார்ட்டின் இப்படித்தான் முன்கூட்டியே தெரிந்தது. 2022-இல் ஏழாவதாக முடித்த அணி; சோதனையின் நேரப்பட்டியலில் முதலிடமும் அதற்கு இல்லை. ஆனால் அதன் ஓட்டுநர் அலோன்சோவின் நீண்ட ஓட்டங்களைப் பார்த்தவர்கள் மேடையேறக்கூடிய கார் என்றார்கள். முதல் பந்தயத்திலேயே அவர் மூன்றாவது. 2024-இலும் பட்டியலின் உச்சியில் சைன்ஸின் ஃபெராரி, 1:29.921. பந்தய நாளில் ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பன் வென்றார். மூன்றாவதாக வந்த சைன்ஸ் 25 வினாடி பின்னால்.

நேரம் தவிரக் கண்ணால் பார்க்கவும் சில இருக்கின்றன. பஹ்ரைனின் பத்தாவது வளைவு இறக்கத்தில், பிரேக்கை அழுத்திக்கொண்டே இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடம். உள்பக்க முன் சக்கரத்தின் மீது சுமையே இருக்காது. சமநிலை சரியில்லாத காரில் அது சுழலாமல் பூட்டிக்கொண்டு புகை விடும். ஒரே ஓட்டுநர் சுற்றுக்குச் சுற்று அங்கே அகலமாகப் போனால், நேரம் எதுவாக இருந்தாலும் அந்த அணிக்கு வேலை பாக்கி இருக்கிறது. மறுபக்கம், காரின் மேல் பளீரென்ற பச்சை எண்ணெய்ப் பூச்சோ, சக்கரத்துக்குப் பின்னால் பெரிய கம்பி வேலி போன்ற சட்டமோ இருந்தால், அந்தச் சுற்றின் நேரத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். அவை காற்றோட்டத்தை ஆராய்வதற்கானவை; அப்போது நேர்ப்பாதையில் ஒரே சீரான வேகத்தில் வேண்டுமென்றே மெதுவாகப் போவார்கள். “கார் படுத்துவிட்டது” என்று ஆண்டுதோறும் பரவும் வதந்திகளில் பாதி இதிலிருந்து கிளம்புகிறது.

வேகத்தை ஒளித்துவைக்கிறார்கள் என்ற பேச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 2023 முதல் 2025 வரை அணிக்கு ஒரு கார், மூன்று நாள். ஓட்டுநருக்கு ஒன்றரை நாள்தான். அதில் நாடகமாட நேரம் செலவழித்தால் இழப்பு தங்களுக்கே. முடிவுக்கோட்டுக்கு முன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடும் வழக்கம் உண்டு என்பது உண்மை. அதற்கு மருந்தும் எளிது, சுற்றின் மூன்று பகுதிகளிலும் அந்த ஓட்டுநருக்கு வந்த சிறந்த நேரங்களைக் கூட்டிப் பாருங்கள். எனக்கு அதிகம் கவலை தருவது நேரெதிரானது: விளம்பரதாரரைத் தேடும் அணி, காலி டாங்கியோடு தலைப்புச் செய்திக்காக ஓடுவது. 2001 சீசனுக்கு முந்தைய குளிர்காலத்தில் ப்ரோஸ்ட் அணி மிரட்டலான நேரங்களைப் போட்டது. அந்த சீசனில் மொத்தம் 4 புள்ளிகள். அடுத்த சீசன் தொடங்கும் முன்பே அணி மூடப்பட்டது. 2009-இல் பிரான் அணி தாமதமாக வந்து எல்லோரையும் முந்தியபோது இதே சந்தேகம்தான் எழுந்தது. ஆனால் அங்கே ஓட்டுநர்கள் பட்டன், பாரிக்கெல்லோ இருவருமே வேகமாக இருந்தார்கள். முதல் பந்தயத்தில் முதலிரண்டு இடங்களும் அவர்களுக்கே.

எத்தனை சுற்று ஓடினார்கள் என்பது நம்பகத்தன்மைக்கு நல்ல அளவுகோல், வேகத்துக்கு அல்ல. 2014 ஹெரெஸ் சோதனையின் நான்கு நாள்களில் மெர்சிடிஸ் 309 சுற்று, ரெட் புல் வெறும் 21. மெர்சிடிஸ் அந்த ஆண்டு 19 பந்தயங்களில் 16-ஐ வென்றது. மீதி மூன்றையும் வென்றது வேறு யாருமல்ல, ரெட் புல்தான்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் கிடைப்பது அணிகளின் குழுக்கள்: முன்னணியில் இவர்கள், அடுத்து இவர்கள், கடைசியில் இவர்கள். குழுவுக்குள் யார் முந்தி என்று பத்தில் ஒரு வினாடித் துல்லியத்தில் சொல்பவரிடம் எரிபொருள் அளவு எங்கிருந்து கிடைத்தது என்று கேளுங்கள். அந்தக் குழுப் பிரிப்பும் பின் டயரைச் சோதிக்கும் ஒரு பாதையில், அந்த மாதத்து பாகங்களோடு எடுத்தது. 2024 பஹ்ரைன் பந்தயத்தில் மெக்லாரனின் இரு கார்களும் ஆறாவது, எட்டாவது. மே மாதம் மயாமிக்குப் புதிய பாகங்கள் வந்தன. அங்கே அந்த அணியின் நோரிஸ் தன் முதல் வெற்றியைப் பெற்றார், டிசம்பரில் அணிப் பட்டமும் மெக்லாரனுக்கு வந்தது.